நடாத மரங்கள்

சேசு மரி சூசை

பக்கோலோட்,
12 ஜூன் 1994

அன்புள்ள மரிவிக்,

ஆண்டவர் கிருபையால் நலம். மழைக்காலம் தொடங்கிவிட்டது என்பதை வானொலிக்கு முன்பே என் முழங்கால் சொல்லிவிட்டது. மற்றபடி குறையில்லை. நீயும் உன் தாய் எஸ்தெலிதாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கல்லூரியில் இது உன் கடைசி ஆண்டு. என் கணவர் பெயரில் நான் தரும் உதவித்தொகையின் நிபந்தனைகள் உனக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை எழுதிவிடுவது என் வழக்கம். மதிப்பெண் குறையக் கூடாது. மாதம் ஒரு கடிதம், மைப் பேனாவில், கோடில்லாத தாளில். பந்துமுனைப் பேனா மளிகைக் கணக்குக்கு. பிறகு ஊருக்குப் பயன்படும் வேலை. சான் ரொமான் ஆற்றைச் சுத்தம் செய்யும் பிள்ளைகளுக்கு நீதான் தலைமை தாங்குகிறாய் என்று பங்குத்தந்தை எழுதியிருந்தார். நீ எழுதவில்லை. தன்னைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்ல குணம். எனக்குத் தகவல் தராமல் இருப்பது நல்ல குணம் அல்ல.

இனி முக்கியமான கேள்வி. மரங்கள் எப்படி இருக்கின்றன?

ஒவ்வொரு பிப்ரவரியும் என் கணவர் டான் செவெரினோவின் நினைவு நாளில் சான் ரொமான் கடற்கரைச் சேற்றில் சுரபுன்னை நடுகிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் பெயரைச் சொல்ல அந்த மரங்கள்தான் இருக்கப்போகின்றன. இந்த ஆண்டும் காருக்குள் இருந்தபடியே பார்த்தேன். கோடு போட்டது போல நேரான வரிசை. ஆனால் ஐந்து வருடத்து மரங்கள் என் கைத்தடி உயரம்கூட இல்லையே? உப்புத் தண்ணீரில் மெதுவாகத்தான் வளரும் என்கிறான் தாசியோ. அவன் நம் மீன்குளத்தின் காவலாளி, செடிநூல் படித்தவன் அல்ல. நீ படிக்கிறாய். நீ சொல்.

என் வலக்கையை இந்தத் தாளின் வழியே நீட்டுகிறேன். நெற்றியில் ஒற்றிக்கொள். தேவன் உன்னைக் காப்பார்.

உன் ஞானத்தாய்,
பெர்பெத்துவா லாசெர்னா



இலோய்லோ,
30 ஜூன் 1994

மதிப்பிற்குரிய ஞானத்தாய்க்கு,

உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்காலுக்கு இஞ்சி எண்ணெய் ஒரு குப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்றம் பொறுக்க முடியாததுதான், ஆனால் வலிக்குக் கேட்கும் என்று அம்மா சத்தியம் செய்கிறாள்.

ஆற்று வேலையைப் பற்றி எழுதாதது என் தவறு. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தடிக் குப்பையை அள்ளுகிறோம். போன வாரம் ஒரு தையல் இயந்திரம் கிடைத்தது. யாருடையது என்று பாலத்தின் மேல் நின்று கூவினோம். ஒரு கிழவர் வந்து பார்த்தார். "என்னோடதுதான். தூக்கிப் போட்டதும் நான்தான். மறுபடியும் என் தலையிலயே கட்டப் பாக்குறீங்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் அதைத் துரு நீக்கிப் பங்குக் கோயில் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கிழவர் திருப்பிக் கேட்கிறார்.

இந்த ஆண்டு கரையோரக் காடுகளைப் பற்றிப் புதிய பாடம். பேராசிரியை எங்களை வகுப்பில் உட்கார விடுவதில்லை. சேற்றில் நிற்க வைத்துத்தான் பாடம். எனக்குச் சேறு புதிதில்லை என்பதால் மற்றவர்கள் விழும்போது தூக்கிவிடும் வேலை என்னுடையது.

மரங்களைப் பற்றி நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பணிவுடன்,
மரிவிக் பலாசோன்



சேசு மரி சூசை

பக்கோலோட்,
18 ஜூலை 1994

அன்புள்ள மரிவிக்,

நலம். எண்ணெய் வேலை செய்கிறது. ஆனால் பூசையில் என் பக்கத்து இருக்கை இரண்டு ஞாயிறாகக் காலி.

வருகிற பிப்ரவரிக்கு இப்போதே ஏற்பாடு செய்கிறேன். இம்முறை சிறிய விழா அல்ல. மேயர் வருவதாக ஒப்புக்கொண்டார். பேண்டு வாத்தியம் உண்டு. "டான் செவெரினோ லாசெர்னா நினைவு மரங்கள்" என்று எழுத்து வெட்டிய சிமெண்டுப் பலகை ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். தகரப் பலகை துருப்பிடிக்கிறது, துணியைக் காற்று கிழிக்கிறது. வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நடுவோம். உதவித்தொகை பெறுகிறவள் என்ற முறையில் நீ பேச வேண்டும். சுருக்கமாக, நிமிர்ந்து நின்று, "ம்ம்" "அதாவது" எதுவும் இல்லாமல். மடத்துப் பள்ளியில் எங்களுக்கு அப்படிப் பேசினால் அன்று மாலைத் தின்பண்டம் கிடையாது.

நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொன்னாய். பார்த்தாயா?

என் கையைத் தருகிறேன்.

ஞானத்தாய்



சான் ரொமான்,
21 ஆகஸ்டு 1994

மதிப்பிற்குரிய ஞானத்தாய்க்கு,

உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். கடிதம் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். புயல் கரையைத் தொடாமல் போனாலும் அலை தொட்டுவிட்டது. எங்கள் வரிசையில் எல்லா வீடுகளும் மறுபடி பின்னால் நகர்ந்தன. எங்கள் வீட்டை மூங்கிலோடு தூக்கிப் பத்துப் பதினைந்து ஆட்கள் சுமந்தார்கள். அம்மா முன்னால் நடந்துகொண்டே, "மெதுவா, மெதுவா, அடுப்புல கஞ்சி இருக்கு!" என்று கத்தினாள். உண்மையிலேயே இருந்தது. சிந்தவில்லை.

இனிப் பின்னால் நகர இடமில்லை. அடுத்தது உங்கள் மீன்குளத்துக் கரைதான்.

கல்லூரி மாணவர்களைக் கூட்டிவந்து ஒரு வாரம் இங்கே தங்கி வேலை செய்தோம். கிணறுகளில் உப்பேறியிருந்தது, இறைத்தோம். நீர் வற்றியபோது கடலுக்குள் வெகுதூரம் நடந்து பார்த்தேன். கடற்புல் அருமையாக இருக்கிறது, ஞானத்தாயே. இளம் நாற்று மாதிரி அடர்த்தி. சிப்பி பொறுக்கும் பெண்கள் அங்கேதான் குனிந்து நிற்கிறார்கள். கடல் அட்டை, குட்டி நண்டு, கடற்குதிரை எல்லாம் பார்த்தேன். அந்தப் புல் நன்றாக இருந்தால்தான் மீன் குஞ்சு பொரிக்கும் என்று பேராசிரியை சொல்கிறார்.

அம்மா காய்ந்த மீன் அனுப்பியிருக்கிறாள். தலையை நீக்கிவிட்டுத்தான் அனுப்பினாள். நீங்கள் தலை சாப்பிட மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பணிவுடன்,
மரிவிக்



சேசு மரி சூசை

பக்கோலோட்,
5 செப்டம்பர் 1994

மரிவிக்,

வீடு நகர்ந்தது பற்றி வருந்துகிறேன். எஸ்தெலிதாவின் கஞ்சி சிந்தாதது பற்றி மகிழ்ச்சி. மீன் நன்றாக இருந்தது.

நான் கடற்புல்லைப் பற்றிக் கேட்கவில்லை. மரங்களைப் பற்றிக் கேட்டேன், இரண்டு முறை. கேட்டதற்குப் பதில் எழுதுவது எப்படி என்று இத்தனை ஆண்டுப் படிப்பில் யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லையா?

கையைத் தருகிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஞானத்தாய்



இலோய்லோ,
25 செப்டம்பர் 1994

மதிப்பிற்குரிய ஞானத்தாய்க்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு, உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பதில் எழுதுகிறேன்.

மரங்கள் இல்லை.

ஒரு மரமும் இல்லை. எந்த ஆண்டு நட்டதும் அடுத்த ஆண்டைப் பார்த்ததில்லை. ஈஸ்டருக்குள் பாதி அலையில் போய்விடும், மீதி மழைக்காலத்துக்குள் கருகிவிடும். நீங்கள் காரிலிருந்து பார்ப்பது ஒவ்வொரு விழாவுக்கும் முந்தின வாரம் தாசியோ புதிதாகக் குத்திவைக்கும் வரிசை. ஊர் முழுக்கத் தெரியும். நடுவதற்குக் காய் பொறுக்கிக் கொடுப்பது பள்ளிப் பிள்ளைகள்தான். யாரும் பணத்துக்காகச் செய்யவில்லை. இந்த முறை ஊருக்குப் போனபோது நான் தாசியோவிடம் கேட்டேன்.

"ஏன் மாமா, அஞ்சு வருஷமா ஒரு தடவகூட சொல்லணும்னு தோணலையா?"

"எப்படிச் சொல்றது இண்டாய், என் பொண்ணே? அந்த அம்மா கண்ணாடிய எறக்கிப் பாக்குது. பாத்துட்டு சிலுவை போட்டுக்குது. அந்த மூஞ்சியப் பாத்து 'சென்யோரா, உங்க புருஷன் மரமெல்லாம் செத்துப்போச்சு'ன்னு நீ சொல்லுவியா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"அப்ப நீ சொல்லு. படிச்சவ நீ. நான் குச்சி நடுறவன். நேரா நடுவேன், அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஆகவே நான் சொல்கிறேன். நட்டவர்கள் மீது குற்றமில்லை, இடம்தான் தவறு. சுரபுன்னையின் காய் பென்சில் மாதிரி நீளம். சேற்றில் குத்தினால் நிற்கும், படமெடுக்க அழகாக இருக்கும். அதனால் எல்லா ஊரிலும் அதையே நடுகிறார்கள். ஆனால் அந்தச் செடியின் வேர் மூச்சுவிட ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரமாவது சேறு வெளியே தெரிய வேண்டும். நாம் நடும் இடம் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. அது புல்லின் இடம். ஒவ்வொரு பிப்ரவரியும் நாம் நல்ல புல்லை மிதித்துவிட்டு, வாழாத மரத்தை நடுகிறோம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் அங்கேயே நடுகிறார்கள்? அந்தச் சேறு யாருக்கும் சொந்தமில்லை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மரம் வளரக்கூடிய இடத்துக்கெல்லாம் சொந்தக்காரர் இருக்கிறார். ஞானத்தாயே, சான் ரொமானில் அந்தச் சொந்தக்காரர் நீங்கள்.

இறால் நோய் வந்தபின் மீன்குளம் சும்மா கிடக்கிறது. அது முன்பு காடாக இருந்த இடம். கரையை வெட்டிவிட்டு மதகைத் திறந்தால் கடல் தினமும் இருமுறை உள்ளே வந்து போகும். வெண்கண்டல் என்ற கரையோர மரத்தின் விதை தானாக மிதந்து வரும். நாம் ஒன்றும் நட வேண்டாம். சில ஆண்டுகளில் அங்கே ஒரு காடு நிற்கும்; எங்கள் வீடுகள் அதன் பின்னால் நகர்ந்துகொண்டால் அலைக்கும் எங்களுக்கும் நடுவே அது இருக்கும். பழைய ஓடை எங்கே கடலில் கலந்ததோ அங்கே வெட்ட வேண்டும் என்கிறார் பேராசிரியை. அது எந்த இடம் என்று எந்த வரைபடத்திலும் இல்லை.

அந்தக் கரையை டான் செவெரினோ நின்று கட்டினார் என்று எனக்குத் தெரியும். உதவித்தொகையை நீங்கள் நிறுத்தினாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். ஏனென்றால் ஊருக்குப் பயன்படும் வேலை செய்யச் சொன்னது நீங்கள்.

பணிவுடன்,
உங்கள் ஞானமகள் மரிவிக்



சேசு மரி சூசை

பக்கோலோட்,
3 டிசம்பர் 1994

செல்வி மரிவிக் பலாசோன் அவர்களுக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல்.

செப்டம்பர் மாதக் கடிதம் கிடைத்தது. அக்டோபர், நவம்பர் கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. தேர்வு மதிப்பெண்களைக் கல்லூரி அனுப்பியது. திருப்தி. உதவித்தொகை தொடரும். ஒரு பெண் மனத்தில் பட்டதை எழுதினாள் என்பதற்காக லாசெர்னா குடும்பம் கொடுத்த வாக்கை மாற்றிக்கொள்ளாது. அதை நீங்கள் சந்தேகித்ததுதான் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே வரி.

சில விவரங்களைத் தெளிவுபடுத்துகிறேன். டான் செவெரினோ அந்தக் குளத்தை வெட்டியபோது அரசாங்கமே வெட்டச் சொன்னது. கடன் கொடுத்து வெட்டச் சொன்னது. சேற்றுக்காடு என்றால் கொசுவும் காய்ச்சலும் என்று பாடப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. அவர் மற்ற முதலாளிகளைப் போல நிழலில் நாற்காலி போட்டு உட்காரவில்லை. ஆட்களோடு சேற்றில் இறங்கி மண் சுமந்தார். அந்தக் குளத்து மீன் சான் ரொமானில் எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது என்று உங்கள் தாயைக் கேளுங்கள்.

குளத்தைப் பற்றிய யோசனை குறித்து இப்போது நான் சொல்ல ஒன்றுமில்லை.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி விழா திட்டமிட்டபடி நடக்கும். மேயர் வருகிறார். உங்கள் உரை தேவைப்படாது.

குளிர்காற்று தொடங்கிவிட்டது. என் கறுப்புக் காலணி ஒன்று பாழாகிவிட்டதால் திருவருகைக் காலப் பூசைக்குப் பழுப்புக் காலணியில் போகிறேன். எப்படிப் பாழானது என்பது இந்தக் கடிதத்தின் விஷயம் அல்ல.

இப்படிக்கு,
திருமதி பெர்பெத்துவா லாசெர்னா



இலோய்லோ,
9 ஜனவரி 1995

மதிப்பிற்குரிய ஞானத்தாய்க்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இரண்டு வீட்டிலும் சுகமே நிலவட்டும்.

உதவித்தொகை தொடர்வதற்கு நன்றி. சந்தேகித்த வரிக்காக மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற வரிகளுக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் நான் ஊரில் இருக்க மாட்டேன். பலவான் தீவில் கரையோரக் காடுகளைக் கணக்கெடுக்கும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஏப்ரல் வரை அங்கேதான் வேலை.

கிறிஸ்துமசுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அக்டோபர்ல ஒரு நாள் ட்ரைசிகிள்ல ஒரு பெரியம்மா வந்து எறங்கினாங்க. கறுப்புக் குடை, கறுப்பு ஷூ. தாசியோ ஊர்ல இல்ல, தங்கச்சி வீட்டுல ஞானஸ்நானம். அந்தம்மா யாரையும் கேக்கல, நேரா சேத்துல எறங்கிட்டாங்க. 'அங்க உள்வாங்கும், போகாதீங்க'ன்னு கத்துனேன். 'எனக்குத் தெரியும்'னு திரும்பிப் பாக்காமயே சொன்னாங்க. சொல்லி வாய மூடல, ஒரு ஷூ உள்ள போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒத்த ஷூவோட நடந்தாங்க. நட்ட குச்சி ஒண்ணப் புடுங்கிப் பாத்தாங்க. காஞ்சது. இன்னொண்ணு. அதுவும் காஞ்சது. வரிசையில மிச்சமிருந்த அத்தனையும் ஒண்ணொண்ணாப் புடுங்கி, குடைய மடக்கி அதுக்குள்ள போட்டுக்கிட்டாங்க, சந்தையில கீரை வாங்குன மாதிரி. வெயில் மண்டையப் பொளக்குது. குடை இருந்தும் பிடிக்கல. அந்த ஷூவ நான் தோண்டியெடுத்துக் கழுவிக் குடுத்தேன். இளநி குடுத்தேன், குடிச்சாங்க."

"யாரும்மா அது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மூஞ்சியப் பாக்கல" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லும்போது மூக்கைத் தேய்ப்பாள். தேய்த்தாள்.

நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்கள் போன கடிதத்தில் கை இல்லை. இருந்தாலும் என் நெற்றியை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பணிவுடன்,
மரிவிக்



சேசு மரி சூசை

சான் ரொமான், தாசியோவின் குடிசை,
12 பிப்ரவரி 1995

அன்புள்ள மரிவிக்,

இது பந்துமுனைப் பேனா. தாள் கோடு போட்டது, தாசியோவின் பேத்தியுடைய பள்ளி நோட்டிலிருந்து கிழித்தது. குடிசையில் வேறு கிடைக்கவில்லை, வீட்டுக்குப் போய் எழுத எனக்குப் பொறுமை இல்லை. உடல்நலம் விசாரிப்பதை இக்கடிதத்தில் விட்டுவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பாய்.

காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். பங்குத்தந்தை, பேண்டு வாத்தியம், புதுத் தொப்பிகளோடு பள்ளிப் பிள்ளைகள். மேயர் வெள்ளைச் சட்டையில் வந்தார், முழங்கால் வரை ரப்பர் காலணி, பின்னால் புகைப்படக்காரர். நான் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகவில்லை. குளத்துக் கரை மேல் ஏற்றினேன்.

"சென்யோரா, கன்னு எங்க? ஆளுங்க இன்னும் கொண்டாரலையா?" என்றார் மேயர்.

"கன்னு இல்ல."

"இல்லன்னா? அப்ப எதை நடுறது?"

"எதையும் நடப் போறதில்ல. கரைய வெட்டப் போறோம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பங்குத்தந்தையைப் பார்த்தார். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார். "வெட்டினா... போட்டோ எப்படி எடுக்குறது?" என்றார்.

"மண்வெட்டியோட எடுக்கட்டும். உங்க கையில மண்வெட்டிய இந்த ஊர் இன்னும் பாத்ததில்ல. ஓட்டு கூடும்."

பேண்டுக்காரர்களே சிரித்துவிட்டார்கள். மேயரும் சிரித்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததை விட நல்ல மனிதர்.

பழைய ஓடை எங்கே இருந்தது என்று உன் பேராசிரியைக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் டான் செவெரினோ என்னைப் படகில் உட்கார வைத்து அந்த ஓடைக்குள் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். வாயிலேயே ஒரு கிளை தட்டி என் தொப்பி தண்ணீரில் விழுந்தது. "நீரோட்டம் பலமா இருக்கு, விட்டுடு" என்றார், திரும்பவில்லை. புதுத் தொப்பி. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பெண்கள் இப்படிப்பட்ட இடங்களை மறப்பதில்லை. கோயில் மணிக்கூண்டுக்கும் கரடுமேட்டுப் பாறைக்கும் நேராகக் கைத்தடியை ஊன்றி, "இங்க" என்றேன்.

தாசியோ தயங்கினான். மண்வெட்டியைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தான். "சென்யோரா, அந்தக் குச்சிங்கள நான்தான்..."

"தெரியும். நேரா நட்டிருந்த. அதே மாதிரி இதையும் நேரா வெட்டு."

பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்தார். முதல் வெட்டு என்னுடையது. அதற்காக இரண்டு நாளாகப் பின்கட்டில் பயிற்சி எடுத்தேன். வேலைக்காரப் பெண் நான் புதையல் தேடுவதாக நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் கூடையில் அள்ளினார்கள், பேண்டு வாத்தியத்துக்கு வேறு எதுவும் தெரியாததால் கல்யாண ஊர்வல மெட்டையே திரும்பத் திரும்ப வாசித்தது. மதியத்துக்கு மேல் கடல் ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு விரலளவு நீர் வந்தது. பிறகு கரையின் ஓரம் தானாகவே இடிந்து சரிந்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்த சத்தத்தில் பேண்டு நின்றுவிட்டது. நான் நின்ற இடமும் சேர்ந்து நழுவியது.

"மாரே! கையக் குடுங்க, விழுந்துடுவீங்க!"

உன் தாய். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் மாரே என்றுதான் அழைக்க வேண்டும். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவள் என்னை ஒரு முறையும் அப்படி அழைத்ததில்லை. சென்யோரா, சென்யோரா என்றுதான். இருவரும் சேர்ந்தே விழுந்தோம். இடுப்பு வரை சேறு. அவள் எழுந்திருக்காமல் சிரித்தாள். நானும் சிரித்ததாகச் சொல்கிறார்கள்.

சிமெண்டுப் பலகை வந்துவிட்டது. "நினைவு மரங்கள்" என்று எழுதியிருக்கிறது, மரம் ஒன்றும் இல்லை. மதகின் கதவுப் பலகைகளைக் கழற்றிவிட்டு, வாய்க்கால் மேல் நடக்க இதைப் போடச் சொன்னேன். எழுத்துப் பக்கம் கீழே. அவரை யாரும் மிதிக்கக் கூடாது. அவர் பெயர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

அவர் உயிரோடு இருந்திருந்தால் இதை எனக்கு முன்பே செய்திருப்பார். என்னைக் கேட்காமல் செய்திருப்பார். அதற்கும் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன்.

தாளின் ஓரத்தில் இருப்பது கறை அல்ல, என் விரல். துடைத்துவிட்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம். இந்தா, என் கை. நெற்றியில் ஒற்றிக்கொள்.

உன் ஞானத்தாய்,
பெர்பெத்துவா



பலவான்,
2 மார்ச் 1995

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

ஒற்றிக்கொண்டேன். சேறு காய்ந்து பொடியாக இருந்தது, கொஞ்சம் நெற்றியில் ஒட்டியது. முகம் கழுவாமல் வேலைக்குப் போனேன். குழுவில் யாரும் கேட்கவில்லை. இங்கே எல்லோர் முகத்திலும் சேறுதான்.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியைக்கு வாசித்துக் காட்டினேன். தொப்பி விழுந்த இடத்தை வைத்து ஓடையைக் கண்டுபிடிக்கும் முறை எந்த நூலிலும் இல்லை என்றார். பிறகு, அதை எழுதிவைத்துக்கொள்ளவா என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செய்தி. படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஆசை. ஆனால் குளத்தை யார் பார்த்துக்கொள்வது? ஆடு மாடு இறங்காமல், மறுபடி யாரும் கரையை அடைக்காமல் பார்க்க வேண்டும். விதை வந்ததா, எது வந்தது, எங்கே நின்றது என்று மாதாமாதம் குறித்து எழுத ஒருவர் வேண்டும். தாசியோவுக்குப் பார்க்கத் தெரியும், எழுதத் தெரியாது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சேற்றில் விழுந்த பிறகு என்று கேட்கிறேன்.

அன்புடன்,
மரிவிக்



சேசு மரி சூசை

சான் ரொமான்,
15 அக்டோபர் 1995

அன்புள்ள மரிவிக்,

நலம். நீயும் நலமாக இருப்பாய், புதுச் சம்பளத்தில் மூன்று வேளையும் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வேலையை ஏற்றுக்கொள் என்று நான் தந்தி கொடுத்தபோது காரணம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தாசியோவின் குடிசைக்குப் பக்கத்தில் இரண்டு அறையில் ஒரு வீடு போட்டிருக்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் இங்கே. பக்கோலோட் வீட்டில் மீதி நாள். ரப்பர் காலணி வாங்கிவிட்டேன். மேயருடையதை விட உயரம். எஸ்தெலிதா தினமும் மாலை வந்து என் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போகிறாள். "மாரே, இதுக்குப் பேரு குழம்பா?" என்கிறாள். நேற்று அவள் கொண்டுவந்த குழம்பில் மீன் தலை இருந்தது. சாப்பிட்டேன்.

வெண்கண்டல் வந்துவிட்டது. முதலில் உடைப்பின் வலப்பக்கம், பிறகு உள்ளே பழைய ஓடை நெடுக. இரண்டு இலை, நான்கு இலை. மதகுப் பக்கம் சுரபுன்னையும் சில, அவையாகவே வந்து நின்றவை. நேற்று தாசியோ என்னிடம், "சென்யோரா, இங்கொண்ணு அங்கொண்ணா நிக்குது, பாக்கவே சகிக்கல. கொஞ்சம் புடுங்கி வரிசையா வெச்சிடவா?" என்றான். வைத்தால் கையை உடைப்பேன் என்றேன். ஆனால் உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஒழுங்கில்லாமல் நிற்பது எனக்கும் பிடிக்கவில்லை. பழகிக்கொள்கிறேன்.

தொப்பிக் கதையைப் பேராசிரியை எழுதிக்கொள்ளலாம். தொப்பி சாம்பல் நிறம், கறுப்பு நாடா என்பதையும் சேர்க்கச் சொல். விவரம் தவறக் கூடாது.

இனி நிபந்தனைகள். நீ சம்பாதிப்பவள், மாதக் கடிதம் எழுதும் கடமை உனக்கு இல்லை. அது எனக்கு. மாதம் ஒன்று, மைப் பேனாவில், கோடில்லாத தாளில். மரங்கள் எப்படி இருக்கின்றன என்று நீ கேள். நான் பதில் எழுதுகிறேன்.

கையைத் தருகிறேன். கழுவியிருக்கிறேன், ஆனால் இந்தச் சேறு நகக்கண்ணை விட்டுப் போவதாக இல்லை.

உன் ஞானத்தாய்,
பெர்பெத்துவா